பெரிய டயர், தூக்கிய வண்டி: காசு கொடுக்கும் முன் போனில் பார்க்க வேண்டியவை

பேச்சிப்பாறையில் வண்டி வைத்திருப்பவருக்கு ரோடு என்பது ஒரே ரோடு இல்லை. குலசேகரம் போய்வர நல்ல சாலை இருக்கிறது. அணையைத் தாண்டி கோதையாறு பக்கம் ஏறினால் வளைவுக்கு மேல் வளைவு. ரப்பர் தோட்டத்துக்குள் திரும்பினால் செம்மண்ணும் கல்லும், மழைக்காலத்தில் வழுக்கும் சருகும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் என்பதால் வருஷத்தில் பாதி நாள் சேறுதான். அதனால் இங்கே ஒருவர் தார், ஜிம்னி, பழைய ஜீப் என்று ஏதாவது ஒரு நாலு சக்கர இயக்க வண்டி வாங்கினால் அது வெறும் ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் அந்த வண்டிதான், ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அந்த வண்டிதான்.

வண்டி வாங்கிய மூன்றாவது மாதம் டயர் கடையில் பேச்சு ஆரம்பிக்கும். “அண்ணே, 33 இஞ்ச் டயர் போட்டு ரெண்டு இஞ்ச் தூக்கிக்கிடுங்க, வண்டி கெத்தா நிக்கும். எல்லாரும் போடுதாங்கல்லா, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.” கெத்தாக நிற்கும் என்பது உண்மைதான். ஒருத்தரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் உண்மை இல்லை.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வது இதுதான்: பதிவுச் சான்றில், அதாவது ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் விதமாக வண்டியை உரிமையாளர் மாற்றக்கூடாது. இந்தப் பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று ஒரு தீர்ப்பு கொடுத்தது. வழக்கு நமக்குப் பக்கத்து மாநிலமான கேரளாவிலிருந்து போனது. தயாரிப்பாளரின் மூல அளவுகளுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்ற முடியாது என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் பிரிவு 182ஏ நடைமுறைக்கு வந்தது. அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். “மாற்றம் ஒன்றுக்கு” என்ற சொல்லைக் கவனியுங்கள். டயர் ஒன்று, லிஃப்ட் ஒன்று, முன்னால் மாட்டிய இரும்புக் கம்பி ஒன்று என்று தனித்தனியாகவே எண்ணுவார்கள். அந்த முன்பக்கக் கம்பிக்கு எதிராக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது.

சும்மா ஏட்டில் இருக்கும் சட்டமா? ஸ்ரீநகரில் தார் வைத்திருந்த ஒருவர் மேற்கூரை, பெரிய டயர், எல்.இ.டி. விளக்கு, சைரன் என்று மாற்றியதற்காகப் போக்குவரத்து நீதிமன்றம் அவருக்கு 6 மாதம் சிறை விதித்தது. முன்பு குற்றம் ஏதும் செய்யாதவர் என்பதால் நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள், வண்டியை ஆர்.சி.யில் உள்ளபடி திரும்ப மாற்றவும் உத்தரவானது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் இரண்டு யூடியூபர்களின் வேனை மாற்றங்களுக்காகக் கேரள மோட்டார் வாகனத் துறை பிடித்து வைத்தது. பேச்சிப்பாறைக்காரர்கள் களியக்காவிளை தாண்டாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரி, விமான நிலையம், சொந்தக்காரர் வீடு எல்லாம் இருக்கிறது. சட்டம் மத்திய சட்டம். எல்லையின் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அப்படியானால் டயரைத் தொடவே கூடாதா? தொடலாம். எந்த அளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஒட்டி இருக்கும். அதில் டயர் அளவும் காற்றழுத்தமும் அச்சாகியிருக்கும். வண்டியோடு வந்த கையேட்டிலும் அதே விவரம் உண்டு. அந்த அளவுதான் வண்டி ஒப்புதல் பெற்ற அளவு. போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டயர் கடையில் பேரம் பேசும்போது உதவும்.

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்று குறையும். 2020 அக்டோபரில் வந்த மூன்று கதவு தாரை எடுத்துக்கொள்வோம். ஒரு வகைக்கு 245/75 ஆர்16. இதில் 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் டயரின் மொத்த விட்டம் சுமார் 774 மி.மீ. இன்னொரு வகைக்கு 255/65 ஆர்18, விட்டம் சுமார் 789 மி.மீ. ஒரே மாடலுக்குத் தயாரிப்பாளரே கொடுத்த இரண்டு அளவுக்கு நடுவில் வித்தியாசம் வெறும் 15 மி.மீ., 2 சதவீதத்துக்கும் கீழே. அவர்கள் எவ்வளவு யோசித்து நகர்த்துகிறார்கள் என்பதற்கு இதுவே அளவுகோல். உங்கள் வண்டியின் வேறொரு வகைக்கு வரும் அளவைப் போட விரும்பினால், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் கேட்டு, உங்கள் வகைக்கும் அது பொருந்தும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது.

இப்போது கடைக்காரர் சொன்ன பெரிய டயருக்கு வருவோம். 16 இஞ்ச் ரிம்மிலேயே 285/75 போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் சுமார் 834 மி.மீ. 60 மி.மீ. கூடுதல், ஏறக்குறைய 7.7 சதவீதம். இவ்வளவு செலவழித்துத் தரையிலிருந்து கிடைக்கும் கூடுதல் உயரம் அதில் பாதி, அதாவது 30 மி.மீ.தான்.

அந்த 30 மில்லிமீட்டருக்கு நீங்கள் கொடுக்கும் விலை பில்லில் வராது. மீட்டர் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்றுதான் எண்ணும். டயர் பெரிதானது அதற்குத் தெரியாது. முள் 60 காட்டும்போது முன்பு ஓடிய வேகத்தைவிட 7.7 சதவீதம் கூடுதலாக ஓடுவீர்கள். 80 காட்டினால் ஏறக்குறைய 86. வேகக் கேமரா உங்கள் மீட்டரைப் பார்ப்பதில்லை. கிலோமீட்டரும் அப்படித்தான்: 10,000 கி.மீ. சர்வீஸ் என்று நீங்கள் போகும்போது வண்டி 10,775 ஓடியிருக்கும். “டயர் மாத்தினதும் மைலேஜ் போச்சு” என்று ஊரில் புலம்புவதிலும் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது. 14 கொடுத்த வண்டி 12 காட்டினால், மீட்டரைத் திருத்திப் பார்த்தால் அது ஏறக்குறைய 12.9. ஆக, இழந்தது 2 இல்லை, 1.1. புலம்பலில் பாதி மீட்டரின் வேலை.

பிரேக் விஷயம் அப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியது இல்லை. பிரேக் டிஸ்க்கும் டிரம்மும் அதே பழைய அளவு. டயரின் ஆரம் 7.7 சதவீதம் கூடினால், அதே அழுத்தத்தில் மிதிக்கும்போது தரையில் கிடைக்கும் பிடிப்பு விசை ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். டயர், ரிம்மின் எடையும் கூடியிருக்கும், சுற்றிக்கொண்டிருக்கும் எடையை நிறுத்துவது இன்னும் கஷ்டம். கோதையாற்றிலிருந்து இறங்கும்போது இது சமதரைக் கணக்கு இல்லை. மழையில் எதிரே அரசு பஸ் வரும் வளைவில் அந்த 7 சதவீதம் எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூடவே, ஏ.பி.எஸ்., வண்டி நிலைகுலையாமல் பார்க்கும் இ.எஸ்.பி. ஆகியவை எல்லாம் கம்பெனி அளவு டயரை வைத்து அளந்து அமைத்தவை.

உரசலையும் பார்க்க வேண்டும். கடையில் நேராக நிறுத்தி மாட்டும்போது எல்லாம் சரியாக இருக்கும். ஸ்டியரிங்கை முழுசா ஒடித்து, ஒரு சக்கரத்தைக் கல் மேல் ஏற்றினால் டயர் உள்பக்க பிளாஸ்டிக்கில் உரசும். அதைத் தவிர்க்க ரிம்மை வெளியே தள்ளினால் சக்கர பேரிங்கில் பாரம் கூடும். மட்கார்டுக்கு வெளியே நிற்கும் டயர் பின்னால் வரும் பைக்காரர் முகத்தில் சேற்றையும் கல்லையும் வாரி அடிக்கும். அப்போதுதான் “லிஃப்ட் கிட் போட்டா சரியாயிரும்” என்ற அடுத்த வார்த்தை வரும். ஒரு மாற்றம் இன்னொரு மாற்றத்தைக் கூட்டி வரும். அபராதம் ஏன் மாற்றம் ஒன்றுக்கு என்று போட்டிருக்கிறார்கள் என்று இப்போது புரியும்.

லிஃப்ட் பற்றி ஒரு பொதுவான தப்பெண்ணம் உண்டு. வண்டியின் அடிப்பகுதி முழுசும் மேலே போய்விடும் என்று நினைக்கிறார்கள். பின்னால் ஒரே துண்டாக ஆக்சில் உள்ள வண்டிகளில், நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரென்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அது டயரோடு நிற்பது. ஸ்பிரிங்கைத் தூக்கினால் உடம்பும் சேஸிஸும்தான் மேலே போகும். பாறை முதலில் தட்டும் இடம் பழைய உயரத்திலேயே இருக்கும்.

மேலே போன உடம்போ, வேறு கணக்குகளைக் கிளப்பும். தாரின் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். தூக்கினால் டிரைவ் ஷாஃப்ட் இணைப்புகள் அளவுக்கு மீறிச் சாய்ந்தே ஓட வேண்டும், சீக்கிரம் தேயும். ஜிம்னி, பழைய ஜீப் போல முன்னாலும் ஒரே ஆக்சில் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கின் சாய்வுக் கோணம் குறைந்து, ஓரளவு வேகத்தில் ஸ்டியரிங் உதறத் தொடங்கும். பட்டை ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சொருகித் தூக்குவது நம்ம ஊர்ப் பட்டறை வழக்கம். அப்படிச் செய்யும்போது பிரேக் ஹோஸின் நீளத்தை யாரும் பார்ப்பதில்லை. சக்கரம் ஒரு குழியில் முழுசாகத் தொங்கும்போது அந்த ஹோஸ் இழுபடும். அறுந்தால் பிரேக் இல்லை. வண்டியின் எடை மையம் உயர்வதால் வளைவில் கவிழும் வாய்ப்பும் கூடும். மேலே கேரியரில் மூட்டை கட்டினால் இன்னும் கூடும்.

ஹெட்லைட் பற்றி ஒரு சின்னக் கணக்கு. முன்பக்கம் மட்டும் 2 இஞ்ச், அதாவது சுமார் 50 மி.மீ. தூக்கினீர்கள் என்றால், தாரின் முன்-பின் சக்கர இடைவெளி 2,450 மி.மீ. என்பதால் வண்டி மூக்கைத் தூக்கி நிற்கும். 50 மீட்டர் தள்ளிப் பார்த்தால் விளக்கொளி முன்பைவிட ஏறக்குறைய 1 மீட்டர் மேலே விழும். எதிரே வருபவரின் கண் இருக்கும் உயரம் அது. ரப்பர் பால் வெட்ட விடியும் முன்னே டார்ச் கட்டிக்கொண்டு சைக்கிளிலும் பைக்கிலும் போகிறவர்கள் உள்ள ஊர் இது.

இன்னொன்றையும் யோசியுங்கள். மலைக் குடியிருப்புகளில் நோயாளியையும் கர்ப்பிணியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவசரத்துக்கு யார் வண்டி கிடைக்கிறதோ அதில்தான் ஏற்றுவார்கள். தூக்கிய வண்டியின் படி ஒரு பாட்டியின் முழங்காலுக்கு மேலே இருந்தால், அந்த வண்டி அந்த வேலைக்கு ஆகாது.

பழைய எஸ்டேட் ஜீப்புகளை நினைத்துப் பாருங்கள். வில்லிஸ் ஜீப்புக்கு வந்த டயர் 6.00-16. அகலம் வெறும் 6 இஞ்ச். அந்த ஒல்லி டயரில்தான் இந்த மலைப்பாதைகளில் ஆளும் அரிசியும் ஏறின. ஒல்லி டயர் மேல் சேற்றைக் கிழித்து அடியில் உள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். செம்மண் பாதைக்கு அது குறை இல்லை, வசதி. அகல டயர் மணலுக்கு நல்லது. நமக்கு இங்கே மணல் எங்கே?

காப்பீட்டில் பலர் ஏமாறுவது விபத்துக்குப் பிறகுதான். பாலிசி கொடுத்தது கம்பெனி வண்டிக்கு. சர்வேயர் வந்து பார்க்கும்போது தெரிவிக்காத லிஃப்ட்டும் டயரும் இருந்தால், உங்கள் வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் குறைக்கவோ மறுக்கவோ அது ஒரு காரணமாகிவிடும். அடிபட்டவர் மூன்றாம் நபராக இருந்தால், அவருக்குக் கொடுத்த இழப்பீட்டை உங்களிடமிருந்து திரும்ப வசூலிக்க வேண்டும் என்று நிறுவனம் தீர்ப்பாயத்தில் வாதாடலாம். அது டயர் விலை இல்லை. வீடு, தோட்டம் விற்கும் கணக்கு.

சரி, போனை எடுங்கள். எம்-பரிவாகன் செயலியில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டால் ஆர்.சி. விவரம், காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றின் காலம் தெரியும். பரிவாகன் இணையதளத்தில் வாகன சேவைகளுக்குப் போய், தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, வண்டி எண்ணையும் சேஸிஸ் எண்ணின் கடைசி 5 இலக்கங்களையும் கொடுத்தால், ஆர்.சி.யில் பதிவான கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். பலருக்கு இங்கேதான் தடங்கல்: ஆர்.சி.யில் இருப்பது ஷோரூம்காரர் எண்ணோ, தொலைந்த பழைய எண்ணோ. முதலில் கைபேசி எண்ணைப் புதுப்பியுங்கள். இல்லாவிட்டால் இ-சலான் வந்தாலும் உங்களுக்குத் தகவல் வராது.

அதே தளத்தில் ‘வாகன மாற்றம்’ என்ற சேவையும் இருக்கிறது. சி.என்.ஜி., எல்.பி.ஜி.க்கு மாற்றுவது, மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்காக வண்டியைத் தகவமைப்பது போன்ற, சட்டம் இடம் கொடுக்கும் மாற்றங்களுக்கு அது. விண்ணப்பப் படிவம் கிடைக்கிறது என்பதற்காக லிஃப்ட்டுக்கும் 33 இஞ்ச் டயருக்கும் ஒப்புதல் கிடைத்துவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். “ஆர்.சி.யில் ஏத்தித் தாரேன்” என்று யாராவது பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வண்டிப் பதிவைப் பொறுத்து நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் போக்குவரத்து அலுவலகத்தில், வேலைக்கு முன்னால், எழுத்தில் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: “உங்கள் வண்டிக்கு அபராதம்” என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறக்கவே வேண்டாம். அது பணம் பறிக்கும் வழி. சலானை அரசு இ-சலான் தளத்தில் நீங்களே வண்டி எண் போட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே தூக்கிய வண்டியைச் செகண்ட் ஹேண்டாக வாங்கப் போகிறீர்களா? மாற்றியது முன்னவர் என்றாலும், ரோட்டில் நிறுத்தும்போது உரிமையாளர் நீங்கள். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங், ஷாக், ரிம் இருக்கிறதா என்று கேட்டு, அதையும் சேர்த்தே விலை பேசுங்கள். இல்லை என்றால் அதை வாங்கிப் போடும் செலவை விலையில் கழியுங்கள். பதிவு 15 ஆண்டை நெருங்கும் ஜீப் என்றால் இன்னும் கவனம். பதிவைப் புதுப்பிக்க ஆய்வாளர் முன் வண்டியை நிறுத்த வேண்டும்.

ஏற்கெனவே உங்கள் வண்டியிலேயே போட்டுவிட்டீர்கள் என்றால், பழைய டயரை விற்காதிருந்தால் நல்லது. திரும்ப மாட்டியதும் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் கோணம் இரண்டையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். நாலு சக்கர இயக்கத்தில் ஓட்டும்போது நாலு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நாலு பெரிசு, ஸ்டெப்னி மட்டும் சிறிசு என்றால் பஞ்சர் ஆன அன்று காட்டுக்குள் 4×4 போட முடியாது, போட்டால் கியர்ப் பெட்டி அடிபடும்.

சேற்றுக்கு என்னதான் செய்வது? கதவுத் தூணில் உள்ள அதே அளவில், ஆல்-டெரெய்ன் பட்டன் உள்ள டயர் கிடைக்கும். அளவு மாறாது, பிடிப்பு மாறும். வாங்கும்போது பக்கச்சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். சுமை எண் கம்பெனி டயருடையதைவிடக் குறையக் கூடாது. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900. பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படியே மாற்ற வேண்டும், இந்த மழையில் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. மோசமான சேற்றில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் அகன்று பிடிக்கும். பெரிய டயருக்காகக் கேட்ட காசில் ஒரு துளியில் சிகரெட் லைட்டரில் சொருகும் காற்றுப் பம்ப்பும் அழுத்தமானியும் வந்துவிடும். நல்ல சாலைக்கு ஏறியதும் தூணில் உள்ள அளவுக்குத் திரும்ப நிரப்புங்கள்; காற்று குறைந்த டயரோடு குலசேகரம் வரை வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும்.

பிறகு, எந்த டயர் போட்டாலும் சாலையை விட்டுக் காட்டுக்குள் இறக்க முடியாத இடங்கள் இங்கே அதிகம். கன்னியாகுமரி வனஉயிரின சரணாலயத்துக்குள் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். ரீல் எடுக்க ஓடைக்குள் இறக்குவதற்கு முன் வனத்துறை சோதனைச் சாவடியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.